‘அவளோடு’ என்ற சொல்

பட்டு நெய்யும் ஆரணி அல்ல எங்களுடையது. பொன்னேரிக்குப் பக்கத்தில், ஆரணியாற்றங்கரை ஆரணி. இங்கே கல்யாண ஆராதனைகளில் நான் அடிக்கடி கேட்ட பிரசங்கம் இது: ஏவாள் கீழ்ப்படியவில்லை, மனுக்குலம் விழுந்தது, ஆகவே மணமகளே, கீழ்ப்படி.

ஆதியாகமத்தை வரிசையாக வாசித்தால் வேறொன்று தெரிகிறது. கனியைப் பற்றிய கட்டளை 2:16-17இல் ஆதாமுக்குக் கொடுக்கப்படுகிறது. பெண் உருவாவது 2:22இல்தான். அவளுக்கு யார் சொன்னார்கள் என்று கதை சொல்வதில்லை. சர்ப்பத்திடம் அவள் ‘தொடவும் கூடாது’ என்கிறாள். மூலக் கட்டளையில் அது இல்லை. அந்தக் கூடுதல் வேலியைப் போட்டது அவளா, அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவனா?

3:6இல், அவள் கனியைக் கொடுக்கும் இடத்தில், எபிரேயத்தில் ‘அவளோடு’ என்றொரு சொல் இருக்கிறது. ஆதாம் அங்கேயே நின்றான், வாய் திறக்கவில்லை. ஃபிலிஸ் டிரைபிள் போன்ற பெண்ணிய விவிலிய அறிஞர்கள் 1970களிலேயே இந்த மௌனத்தைச் சுட்டினார்கள். ஜெரோமின் லத்தீனில் அந்தச் சொல் இல்லை. எங்கள் சபையில் வாசிக்கும் பழைய தமிழ் வேதாகமத்திலும் இல்லை. 1995இல் வந்த திருவிவிலியத்தில் இருக்கிறது. ஆனால் 3:12இல் ஆதாம் பழியைப் பெண்மேல் போடும்போது, ‘என்னோடு இருக்க நீர் தந்தவள்’ என்னும் பொருள் பழைய தமிழிலும் பத்திரமாக இருக்கிறது. அவன் உடனிருந்தது விடுபட்டது; அவள் உடனிருந்தது நின்றது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்தபோது, மெஷின் பயிற்சி லைன் லீடருக்கு மட்டும்தான். எங்களிடம் அவர், “அந்த மூடியைத் திறக்காதே” என்பார். ஏன் என்று கேட்டால் முறைப்பார். ஒருநாள் பீஸ் சிக்கியது. அவர் பார்த்துக்கொண்டிருக்கவே திறந்தேன். லாட் வீணானது. மெமோ எனக்கு. “அவரும் பக்கத்தில்தான் நின்றார்” என்றேன். அந்த வரி அறிக்கையில் ஏறவில்லை.

நம்பச் சொல்கிறவர் காரணம் கேட்டால் கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் அவர் கேட்பது நம்பிக்கையை அல்ல, கீழ்ப்படிதலை.

புருஷன் ஆளுவான் என்ற வார்த்தை 3:16இல், வீழ்ச்சிக்குப் பிறகுதான் வருகிறது. படைப்பில் அது இல்லை. விழுந்ததன் விளைவை மணமேடையில் விதியாக எதற்கு ஓதுகிறோம்?