பழைய விசையும் புதிய விசையும்: இயந்திர விசைப்பலகைகளின் ஈர்ப்பு குறித்த மதிப்பீடு

கணினி விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் கீழே சுருள்வில்லோடு கூடிய தனித்தனி சுவிட்ச் இருந்தால் அதை இயந்திர விசைப்பலகை என்று அழைக்கிறோம். இன்று பெரும்பாலான அலுவலகங்களில் உள்ளவை இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. அவற்றில் விசைகளுக்கு அடியில் ஒரே ரப்பர் விரிப்பும், அதன் கீழே மின்தடம் அச்சிட்ட மெல்லிய தாள்களும் இருக்கும். 1980களிலும் 1990களிலும் செய்யப்பட்ட இயந்திர விசைப்பலகைகளைத் தேடி வாங்குவோர் உலகெங்கும் உள்ளனர். பழைய சுவிட்சுக்கு இணையாகப் புதியது எதுவும் இல்லை என்பது அவர்களின் கருத்து. அக்கருத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பழமைப் பற்று என்பதைத் தமிழ்த் தட்டச்சின் பின்னணியில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

தட்டச்சுப் பொறி தந்த பழக்கம்

தமிழ்நாட்டில் விசையின் தொடுவுணர்வு பற்றிய பேச்சு கணினிக்கு முன்பே தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூர், மலேயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய முன்னோடி. 247 எழுத்துகள் கொண்ட மொழியை ஒரு சிறிய பொறிக்குள் அடக்க அவர் கண்ட வழிகளில் முக்கியமானது நகரா விசை. புள்ளியைத் தட்டினால் தாள் நகராது. அடுத்துத் தட்டும் மெய்யெழுத்து அந்தப் புள்ளியின் கீழேயே வந்து பதியும். ஆகவே நகரும் விசை, நகரா விசை ஆகிய இரண்டையும் விரல் வேறுபடுத்தி அறிய வேண்டியிருந்தது.

பின்னர் ரெமிங்டன், கோத்ரெஜ், ஃபேசிட் பொறிகளில் லட்சக்கணக்கானோர் தட்டச்சு பயின்றனர். இடக்கை நான்கு விரல்களையும் ய, ள, ன, க என்ற விசைகளில் வைத்துத் தொடங்கும் முதல் பாடத்தை அவர்களில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பொறியில் விரலின் வலுவே எழுத்தின் கருமை. மெதுவாகத் தட்டினால் எழுத்து வெளிறும், கார்பன் படியில் விழவே விழாது. தட்டியது பதிந்ததா என்பதை விரலும் காதும் உடனே சொல்லிவிடும். இயந்திர விசைப்பலகையின் ஈர்ப்புக்கு வேர் இந்த அனுபவமே.

பழைய சுவிட்சுகளின் அமைப்பு

ஐபிஎம் நிறுவனம் 1981இல் தனது முதல் தனிநபர் கணினியோடு மாடல் எஃப் வகை விசைப்பலகையைத் தந்தது. 1985 முதல் மாடல் எம் வந்தது. இரண்டிலும் இருப்பது வளையும் சுருள்வில். விசையை அழுத்தும்போது உள்ளிருக்கும் வில் சிறிது தூரம் சுருங்கும். ஓர் எல்லைக்கு மேல் சட்டென்று பக்கவாட்டில் மடிந்து, அடியிலுள்ள சிறு சுத்தியைச் சாய்க்கும். ஓசை எழுவதும், விரலுக்கு விசை விட்டுக்கொடுப்பதும், கணினிக்கு எழுத்து போவதும் ஒரே நிகழ்வு. இதுதான் இந்த அமைப்பின் தனிச்சிறப்பு.

ஜெர்மனியின் செர்ரி எம்எக்ஸ் சுவிட்ச் 1980களின் முற்பகுதியில் வந்தது. இதன் வகைகளை நிறத்தால் குறிப்பர். நீலம் 'டிக்' என்று ஒலிக்கும். பழுப்பு ஒலிக்காது, ஆனால் நடுவில் ஒரு சிறு மேடு விரலுக்குத் தெரியும். கறுப்பும் சிவப்பும் மேடின்றி நேராக இறங்கும். விசை மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும், ஏறத்தாழ பாதி வழியிலேயே எழுத்து பதிந்துவிடும். நீல வகையில் ஓசையை எழுப்புவது ஒரு சிறு நழுவு உறுப்பு, மின்தொடர்பை ஏற்படுத்துவது வேறோர் உறுப்பு. இரண்டும் மிக நெருங்கி நிகழ்கின்றன என்றாலும் ஒன்றல்ல. வளையும் வில்லின் ஓசை நிகழ்வின் ஓசை, நீலத்தின் ஓசை நிகழ்வை அறிவிக்கும் ஓசை எனலாம். பழைய ஐபிஎம் பலகையை மெச்சுவோரின் வாதத்தில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

ஜப்பானின் ஆல்ப்ஸ் நிறுவனச் சுவிட்சுகளும் புகழ்பெற்றவை. 1987இல் வந்த ஆப்பிள் எக்ஸ்டென்டட் விசைப்பலகையில் இவையே இருந்தன. இவற்றின் பெரிய குறை தூசி. தூசி புகுந்தால் விசை கரகரக்கும், பழைய வழவழப்பு எளிதில் திரும்பாது.

நம் ஊர்ச் சான்று: டிவிஎஸ் கோல்டு

இந்த விவாதத்தில் தமிழ்நாட்டுக்கு நேரடிப் பங்கு உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் 'டிவிஎஸ் கோல்டு' விசைப்பலகை, செர்ரி நீலச் சுவிட்சுகளோடு வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் டி.டி.பி. நிலையங்களிலும் பல ஆண்டுகள் உழைத்தது. 2010இல் ரூபாய்க் குறியை இந்திய அரசு ஏற்றபின் அக்குறி பொறித்த 'கோல்டு பாரத்' வடிவம் வந்தது. வெளிநாடுகளில் ஆர்வலர்கள் அதிக விலை கொடுத்து வாங்கிய ஒரு பொருள், இங்கே நாள்தோறும் பத்திரமும் திருமண அழைப்பிதழும் வினாத்தாளும் அடிக்கும் கருவியாக இருந்தது. அதை யாரும் கலைப்பொருளாகப் பார்க்கவில்லை. வேலை நின்றுபோகாமல் நடந்தது என்பதே அதற்குக் கிடைத்த பாராட்டு.

மூன்று வாதங்களும் அவற்றின் வலுவும்

முதல் வாதம் தொடுவுணர்வு. இது ஏற்கத்தக்கது. ரப்பர் விரிப்புப் பலகையில் எழுத்து பதிய, பெரும்பாலும் விசையை அடிவரை அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் விரல் தரையில் மோதுகிறது. நல்ல இயந்திரச் சுவிட்ச் பாதியிலேயே "போதும்" என்று சொல்லிவிடுகிறது. பெரிய காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம் தெருக்களில் தறியில் அமர்ந்திருப்பவர், நாடா மறுபக்கம் சேர்ந்ததா என்று ஒவ்வொரு முறையும் குனிந்து பார்ப்பதில்லை. கைக்கும் காதுக்கும் தெரிந்துவிடுகிறது. பல மணி நேரம் செய்யும் வேலையில் கருவி இப்படிப் பதில் சொல்வது ஆடம்பரமல்ல, தேவை.

இரண்டாம் வாதம் உழைப்பு. இதில் பாதியே உண்மை. செர்ரி சுவிட்ச் ஒவ்வொன்றும் 5 கோடி அழுத்தங்கள் தாங்கும் என்று தயாரிப்பாளர் நீண்டகாலம் அறிவித்துவந்தார். புதிய வகைகளுக்கு அது 10 கோடி. எனவே எண்ணிக்கையில் பழையது வெல்லவில்லை. மாடல் எம் பலகையின் உட்தகட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் குடுமிகள் காலப்போக்கில் ஒடிந்துவிடுகின்றன. மாடல் எஃப் பலகையின் உள்ளே உள்ள நுரைத்தாள் பொடியாகிறது. ஆனால் இவற்றைப் பிரிக்கலாம், பழுதான உறுப்பை மாற்றலாம், மீண்டும் மூடலாம். நீண்ட நாள் உழைப்பதற்குக் காரணம் இப்படிப் பிரித்துப் பழுதுபார்க்க முடிவதே தவிர, பழமை அன்று.

மூன்றாம் வாதம் வேகம். இதுதான் மாணவர்களை வழிதவறச் செய்வது. தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் ஆங்கிலத் தட்டச்சுத் தேர்வில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள், முதுநிலைக்கு 45 சொற்கள். டி.என்.பி.எஸ்.சி. தொகுதி 4 வழியே தட்டச்சர் பணிக்குச் செல்ல விரும்புவோருக்கு இந்தச் சான்றிதழ் தேவை. பலகையை மாற்றினால் வேகம் கூடும் என்று எண்ணிக் குடும்பப் பணத்தைச் செலவிடும் மாணவர் உண்டு. வேகத்தை முதலில் தீர்மானிப்பது விரல் பயிற்சி. அடுத்து எழுத்து வரிசையின் அமைப்பு. சுவிட்சின் இடம் அதற்கும் பின்னால்தான்.

ஓர் எளிய கணக்கு இதை விளக்கும். 'அம்மா' என்ற சொல்லைத் தட்டச்சுப் பொறி வரிசையில் அடிக்க, அ, புள்ளி, ம, ம, கால் என ஐந்து தட்டல்கள் தேவை. ஆங்கில எழுத்தொலி முறையிலும் ஐந்து தேவை. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 வரிசையில் அ, ம, ம, ஆ என நான்கே போதும். ஒரே மெய் இருமுறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். ஐந்தில் ஒரு தட்டலை இங்கே மிச்சப்படுத்தியது வரிசை. எந்த நீலச் சுவிட்சும், எந்த வளையும் வில்லும் அந்த ஒரு தட்டலைக் குறைத்துத் தராது.

புதியவற்றின் நிறைகள்

செர்ரியின் காப்புரிமைக் காலம் முடிந்தபின் கேட்டரான், கைல், அவுட்டெமு முதலிய சீன நிறுவனங்கள் அதே அமைப்பில் சுவிட்சுகளைச் செய்யத் தொடங்கின. விலை இறங்கியது, வகைகள் பெருகின. பல புதிய சுவிட்சுகள் தொழிற்சாலையிலேயே மசகு இடப்பட்டு வருவதால் உராய்வு குறைவு. சுவிட்சைப் பற்றவைக்காமலே பிடுங்கி மாற்றும் வசதியும் வந்துவிட்டது. ஒரு விசை கெட்டால் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். பழைய பலகையின் பெருமை என்று மேலே சொன்ன பழுதுபார்க்கும் வசதி, இங்கே இன்னும் எளிதாகிறது.

புதுமை என்று விளம்பரப்படுத்தப்படும் எல்லாமும் புதியவை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காந்தப்புலத்தை உணர்ந்து செயல்படும் ஹால் விளைவுச் சுவிட்ச் இன்று விளையாட்டுக் கணினிகளுக்காக விற்கப்படுகிறது. அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனம் 1960களின் இறுதியிலேயே அந்தத் தத்துவத்தில் விசைப்பலகை செய்துவிட்டது.

ஓசை பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். நீலச் சுவிட்சின் 'டிக்' அடிப்பவருக்கு இனிமை, பக்கத்தில் படிப்பவருக்குத் தொல்லை. நூலகத்துக்கும், பலர் சேர்ந்திருக்கும் வீட்டுக்கும் பழுப்பு வகையே ஏற்றது.

முடிவுரை

காஞ்சிப் பட்டில் கோர்வைச் சேலைக்கு மதிப்பு எதனால் வருகிறது? உடலையும் கரையையும் தனித்தனி நாடா கொண்டு நெய்து இணைக்கும் முறையால் வருகிறது. தறி பழையதா புதியதா என்று யாரும் கேட்பதில்லை. விசைப்பலகைக்கும் அதே அளவுகோல் பொருந்தும். வளையும் வில் அமைப்பு சிறந்தது என்றால் அதன் பொறியியலால் சிறந்தது, 1985ஆம் ஆண்டு என்ற முத்திரையால் அல்ல. நல்ல நிலையில் உள்ள பழைய ஐபிஎம் பலகையோ டிவிஎஸ் கோல்டோ கையில் இருந்தால் அதைத் தூய்மை செய்து பயன்படுத்துவது அறிவுடைமை. இல்லாதவர் அதைத் தேடி அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. சுவிட்ச் மாற்றும் வசதியுள்ள ஓர் எளிய புதிய பலகையே போதும்.

மாணவர்கள் எதையும் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. தட்டியது பதிந்ததை விரலுக்குச் சொல்கிறதா? கெட்டால் பிரித்துச் சரிசெய்யலாமா? இதில் அடிக்கப்போகும் தமிழ் எழுத்து வரிசையைப் பார்க்காமல் அடிக்க நான் பழகிவிட்டேனா? முதல் இரண்டுக்கும் கடைக்காரர் விடை சொல்லக்கூடும். மூன்றாவதற்கு விடை பயிற்சியில்தான் கிடைக்கும், அதற்கு வீட்டில் இருக்கும் பழைய ரப்பர் பலகையே போதுமானது.