தெரிந்தே எடுக்கும் கேண்டிட்

நம் ஊரில் கல்யாணப் படம் எடுப்பவர்கள் விலை சொல்லும்போதே இரண்டாகப் பிரிக்கிறார்கள். மேடையில் வரிசையாக நிற்கவைத்து எடுப்பது ‘டிரெடிஷனல்’. ஆட்கள் தம்பாட்டுக்கு இருக்கையில் எடுப்பது ‘கேண்டிட்’. அந்த கேண்டிட்காரரையும் மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த பிறகு இயல்பு எங்கே இருக்கும் என்று கேட்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: கவனம் வேறிடத்தில் இருந்தால் போதும், இயல்பு தானாக வரும்.

தாலி கட்டும் நேரத்தைப் பாருங்கள். கெட்டிமேளம் முழங்குகிறது. மாப்பிள்ளையின் விரல் முதல் முடிச்சில் தடுமாறுகிறது; அடுத்த முடிச்சுக்கு அவர் அக்கா பின்னாலிருந்து கையை நீட்டிவிட்டார். பெண்ணின் கழுத்தோரம் அட்சதை ஒட்டியிருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் நாலைந்து கேமராக்கள். ஒருவருக்கும் அவற்றின் நினைப்பே இல்லை. இந்தப் படத்தை ஒளிந்திருந்து எடுப்பவரால் இவ்வளவு நெருங்கி எடுக்க முடியாது.

அதே பெண்ணை ஒரு மணி நேரம் முன்பு ஜன்னலோரம் நிறுத்தி, “கேமராவைப் பார்க்காதீங்க, கம்மலைத் தொட்டுட்டு லேசா சிரிங்க” என்று எடுத்த படமும் அதே ஆல்பத்தில் கேண்டிட் என்றே சேர்கிறது. இதில் எனக்கு உடன்பாடில்லை. வரிசையில் நின்று எடுத்த படம் தன்னை மறைப்பதில்லை, இது மறைக்கிறது. ராபர்ட் துவானோ 1950-இல் லைஃப் இதழுக்காகப் பாரிஸில் எடுத்த முத்தப் படத்தைத் தற்செயலாகச் சிக்கிய காட்சி என்றே உலகம் நெடுங்காலம் நம்பியது. அவர் கேட்டுக்கொண்டதால் முத்தமிட்ட ஜோடி அது என்பது 1990களில் வழக்கு வந்தபோதுதான் பரவலாகத் தெரிந்தது. படத்தின் அழகு குறையவில்லை, சாட்சியம் போய்விட்டது.

ஒளிந்து எடுப்பதும் தீர்வல்ல. வாக்கர் எவன்ஸ் நியூயார்க் சுரங்க ரயிலில் கோட்டுக்குள் கேமராவை மறைத்து எடுத்த முகங்கள் அபாரமானவை. ஆனால் அந்தப் பயணிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. 1959-இல் புரூக்ளின் இளைஞர் கும்பல் ஒன்றோடு சுற்றித் திரிந்த புரூஸ் டேவிட்சனின் வழியே எனக்குப் பிடித்தது. அவருடைய ஒரு படத்தில் சிகரெட் இயந்திரத்தின் கண்ணாடியைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்யும் பெண், அவர் பக்கத்தில் இருப்பது தெரிந்தும் அவரைப் பொருட்படுத்தவில்லை. பழகிய நாட்கள் தந்த படம் அது. ஒரே நாள் வேலைக்கு வரும் கல்யாணக் கலைஞருக்கு அந்த அவகாசம் இல்லை. கம்மலைத் தொடச் சொல்வது பெரும்பாலும் அதனால்தான்.

இன்னொரு குறை பெரிது. கேமரா இருப்பது தெரியும் என்பதாலேயே எந்தப் படத்துக்கும் சம்மதம் என்று ஆகிவிடாது. மகளை அனுப்பிவைக்கும்போது தேம்பி அழும் அம்மாவின் முகம் ஸ்டூடியோவின் இன்ஸ்டாகிராம் விளம்பரமாகிவிடுகிறது. ஒப்பந்தம் பேசியவர் அவரல்ல. வெளியிடுமுன் அவரிடம் காட்டிக் கேட்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.