பெற்றது பத்து, தங்கியது ஆறு

வீட்டில் சிசேரியன் பேச்சு எழும்போதெல்லாம் பெரியவர்கள் மருத்துவச்சியை இழுத்து வருவார்கள். “எங்க காலத்துல எல்லாம் வீட்டுலதான். பத்துப் பெத்தவளும் மறுவாரமே களையெடுக்கப் போனா.” இந்தப் பெருமையை மறுக்கும் முன் ஒரு கேள்வி கேட்கலாம்: பத்தில் எத்தனை தங்கின? அப்போது கணக்கு மாறும். வீட்டுப் பிரசவத்தின் நினைவைச் சொல்பவர்கள் பிழைத்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும்தான். பிழைக்காதவர்களின் சாட்சியம் வேறிடத்தில் இருக்கிறது. முந்தைய பிள்ளைகள் தக்காததால் பிச்சை, குப்பம்மாள் என்று வைத்த பெயர்களில் இருக்கிறது. வயிற்றுப் பிள்ளையோடு இறந்தவளுக்காகச் சாலையோரம் நட்ட சுமைதாங்கிக் கல்லில் இருக்கிறது.

ஆனாலும் மருத்துவச்சியை வெறும் அறியாமையின் உருவமாக ஒதுக்கிவிட முடியாது. வந்திருப்பது சூட்டு வலியா, பிள்ளை வலியா என்று அறியச் சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்த்துக் காத்திருப்பார். வலி கண்டவளை மல்லாக்கப் படுக்கவைக்காமல் நடக்கவிடுவார். உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக் குந்தவைப்பார். நஞ்சு விழுந்த பிறகே கொடியை அறுப்பது பல இடங்களில் வழக்கம். விரும்பிய நிலையில் பெறலாம், துணைக்கு ஆள் இருக்க வேண்டும், கொடியை உடனே இறுக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் இன்று சொல்வதோடு இவை பெரிதும் ஒத்துப்போகின்றன.

அவரது கை தோற்ற இடங்களும் தெளிவானவை. கொடியை அறுத்தது கதிர் அரிவாளோ பழைய பிளேடோ. அறுத்த இடத்தில் சாம்பலோ சாணமோ வைத்தார்கள். சில நாளில் தாடை இறுகி, பால் குடிக்க முடியாமல் ஜன்னி கண்டு இறந்த சிசுக்களின் சாவைத் தோஷத்தின் மேல் போட்டார்கள், அது டெட்டனஸ். தாய்-சேய் டெட்டனஸை ஒழித்ததாக இந்தியா அறிவிக்கப்பட்டதே 2015-இல்தான். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரோ கழுதைப்பாலோ புகட்டும் வழக்கமும் இருந்தது. பிள்ளை குறுக்கே கிடந்தாலோ, நஞ்சு விழுந்தபின் உதிரம் நிற்காவிட்டாலோ விளக்கெண்ணெயும் வேண்டுதலும் தவிர அவர் கையில் ஒன்றுமில்லை. அந்தச் சாவுகளில் அவர் குற்றத்தைவிட, அனுப்பிவைக்க ஓர் ஆஸ்பத்திரியோ வண்டியோ இல்லாத ஊரின் குற்றமே பெரிது.

குடும்ப நினைவு மறைக்கும் இன்னொன்று சாதி. பல ஊர்களில் மருத்துவச்சி சவரத் தொழில் செய்த சமூகத்துப் பெண். பிரசவம் தீட்டு என்பதாலேயே அந்த வேலை அவருக்கு விடப்பட்டது. நள்ளிரவில் வீட்டுக்குள் அழைத்தவர்கள், மறுநாள் படி நெல்லும் பழம்புடவையும் கொடுத்துக் கொல்லைப்புறமாக அனுப்பினார்கள். “தாய் மாதிரி” என்று பாராட்டும் பேரப்பிள்ளைகளில் பலருக்கு அவர் பெயர் தெரியாது.

ஆரம்ப சுகாதார நிலையங்களும், 1987-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டமும், 2008-இல் வந்த 108 ஆம்புலன்சும் நிலைமையை மாற்றின. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கும் மேலான பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. அதே கணக்கெடுப்பில் சிசேரியன் ஏறக்குறைய 45 விழுக்காடு. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 64. இத்தனை பேருக்கும் கத்தி தேவைப்பட்டிருக்குமா என்ற சந்தேகம் நியாயமானது. அந்தச் சந்தேகமே சிலரை மறுபடி வீட்டுப் பிரசவத்தின் பக்கம் தள்ளுகிறது. 2018-இல் திருப்பூரில் காணொளி பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்ததில் ஒரு பெண் இறந்தார். அங்கே மருத்துவச்சியும் இல்லை, மருத்துவரும் இல்லை.

மீட்க வேண்டியது வீட்டுப் பிரசவத்தை அன்று. அவசரப்படாமல் அருகிலிருக்கும் ஆளை. பயிற்சி பெற்ற செவிலியரை மகப்பேற்றுத் துணையாக்கும் வழிகாட்டுதலை மத்திய அரசு 2018-இல் வெளியிட்டது. அது பிரசவ வார்டுகளில் நடைமுறைக்கு வந்தால் மருத்துவச்சியின் பொறுமையும் அறுவை அரங்கின் பாதுகாப்பும் ஒரே கூரைக்கடியில் கிடைக்கும். அதைக் கேட்காமல் பாட்டி காலத்தை மட்டும் புகழ்வது, தங்காத நான்கு பிள்ளைகளை இரண்டாம் முறை மறப்பதாகும்.