பின்னிருக்கைக் கை

போர் விமானம் என்றால் எல்லாரும் வேகத்தைத்தான் பார்ப்பார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது, அதற்கு முந்தைய பள்ளிக்கூடமான ஹார்வர்டு விமானம். ரிசர்வ் மற்றும் துணை விமானப் படைச் சட்டம் 1952இல் வந்தது. வேறு தொழில் பார்த்தவர்களும் ஓய்வு நேரத்தில் போர் விமானியாகப் பழக வழி பிறந்தது. துணைப் படையினர் இந்த ஹார்வர்டிலும் பழகினார்கள்.

600 குதிரைத் திறன் எஞ்சின். வேகம் கூட்டினால் புரொப்பல்லர் நுனி ஒலியின் வேகத்தை எட்டி அலறும். சின்னச் சக்கரம் வாலில் இருப்பதால் மூக்கு தூக்கி நிற்கும். தரையில் ஓடும்போது நேர் எதிரே எதுவும் தெரியாது. இடமும் வலமுமாக வளைத்து வளைத்துத்தான் ஓட்ட வேண்டும். இறங்கும்போது அசந்தால் விமானம் சுழன்று திரும்பிவிடும். இந்த முரட்டுத்தனம்தான் அதன் அருமை என்பேன்.

ஆசிரியர் உட்காருவது பின்னிருக்கையில். மாணவருக்கு அவர் முகம் தெரியாது. தூத்துக்குடிக்காரருக்கு இதை விளக்க வேண்டாம்: முத்துக்குளிக்க இறங்குபவரின் கயிற்றை மேலே மைத்துனர் பிடித்திருப்பார் என்பது இந்தக் கரையின் பேச்சு. முந்தி இழுத்தால் சிப்பி போச்சு, பிந்தினால் ஆளே போச்சு. மாணவரைத் தவறு செய்யவிட்டு, சரியான நொடியில் கை வைப்பதும் அதே வித்தைதான்.

இங்கே பெரிய முத்துக்குளிப்பு 1961உடன் நின்றது. ஹார்வர்டு எழுபதுகளில் ஓய்ந்தது. பின்னிருக்கை வித்தையைக் கற்றுத்தரும் விமானப்படைப் பயிற்றுநர் பள்ளி, 1954இல் தாம்பரத்துக்கு வந்தது, இன்றும் நடக்கிறது.