எழுத்தும் எழுத்துருவும்

திருகோணமலையிற் பிறந்த த. சரவணமுத்துப்பிள்ளை இயற்றிய ‘மோகனாங்கி’ என்னும் நாவல் 1895ஆம் ஆண்டிலே வெளிவந்தது. தமிழில் எழுந்த முதல் வரலாற்று நாவல் அதுவே என்பாரும் உளர். நூற்றுமுப்பது ஆண்டு கழிந்த பின்னும், அப்பதிப்பின் ஒரு படி கைக்குக் கிடைக்குமாயின், தமிழ் எழுத்தறிந்த சிறுவனும் அதனைப் படித்துவிடுவான். எழுத்தை வார்த்தவர் யார், எந்த இயந்திரத்தில் அச்சாயிற்று என்னும் வினாக்களுக்கு அவன் விடை காண வேண்டுவதில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கணினியிலே எழுதிச் சேமித்த ஒரு மலர்க் கட்டுரையோ அத்தகையதன்று. அதனை இன்று திறக்க முற்படுவோனுக்கு அவ்வினாக்கள் யாவும் எழுகின்றன. விடை தெரியாதவிடத்து அவன் காண்பது தமிழன்று. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் விரவிய ஒரு குவியலேயாம்.

தனியுரிமை மென்பொருளைக் கைவிட்டுத் திறந்த மூல மென்பொருளுக்கும் திறந்த ஆவண வடிவங்களுக்கும் மாறுதல் வேண்டும் என்னும் கொள்கை கல்விக்கூடங்களிலே பேசப்பட்டு வருகின்றது. கொள்கை நன்று. ஆயினும் அதனை எடுத்துரைப்போர் கூறும் காரணங்கள் யாவும் நம் மாவட்டத்தின் நிலைக்குப் பொருந்துவனவா என்பது ஆராயத்தக்கது.

ஒரு நிறுவனத்துக்கே உரியதாய், அதன் மூலநிரல் பிறர் காணவியலாதவாறு மூடப்பட்டிருப்பது தனியுரிமை மென்பொருள். மூலநிரலை யாவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் இடந்தருவது திறந்த மூல மென்பொருள். ஒரு கோப்பினுள்ளே சொற்கள் எம்முறையில் அடுக்கப்படும் என்பதை மறைவின்றி எழுதி வெளியிட்ட நெறியே திறந்த ஆவண வடிவம். லிப்ரே ஒபிஸ் கையாளும் வடிவம் 2006இல் அனைத்துலகத் தரமாக ஏற்கப்பட்டது. மைக்ரோசொப்ட் நிறுவனமும் தன் புதிய வடிவத்தை வெளியிட்டு, மிகுந்த வாதப் பிரதிவாதங்களின் பின் 2008இல் அதற்கும் அவ்வேற்பைப் பெற்றது. திறப்பு யார் கையில் என்பதே இவற்றிடையேயுள்ள வேறுபாடு. திருகோணமலையார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நாடு 1948இல் விடுதலை பெற்றும், இத்துறைமுகத்துக் கடற்படைத் தளம் 1957 வரை பிரித்தானியர் வசமே இருந்ததன்றோ!

முதலிற் கூறப்படும் காரணம் விலை. இஃது ஐரோப்பிய நகரங்களிலே எடுபடும் வாதம், இங்கே எடுபடாது. விலை கொடாத படிகளே நம்மிடையே மலிந்து கிடத்தலின், ‘இலவசம்’ என்னும் சொல்லைக் கேட்டு வியப்பார் எவருமிலர். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் காக்கின்றது என்பதை அறிந்தவரும், அறிந்தே அதனைப் பொருட்படுத்தாதவரும் நம்மிற் பலர். மாணவருக்கு ஒழுக்கம் கற்பிக்கும் இடத்திலே இது நிகழ்வது பற்றி ஈண்டு மேலும் கூறவில்லை. விலை என்னும் வாதத்துக்குச் சிறிது உயிர் தருவது பிறிதொன்று. விண்டோஸ் பத்தாம் பதிப்புக்குரிய பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியோடு முடிந்தது. பழைய கணினிகள் பல பதினோராம் பதிப்பை ஏற்கமாட்டா. அவற்றை எறிந்து புதியன வாங்குவதா, லினக்ஸ் நிறுவி இன்னும் சில ஆண்டு பயன்கொள்வதா என்னும் வினா ஒவ்வொரு கணினிக்கூடத்தின் வாயிலிலும் நிற்கின்றது.

திறந்த மூலத்தின் பெருமைக்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதுமில்லை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கிண்ணியாவையும் மூதூரையும் நம் கரை முழுவதையும் தாக்கிய பின்னர், காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருள்களையும் பதிவுசெய்தற்கு இலங்கைத் தன்னார்வலர் சிலர் ‘சகனா’ என்னும் மென்பொருளை ஆக்கினர். சிங்களத்தில் அச்சொல் நிவாரணத்தைக் குறிக்கும். மூலநிரல் திறந்திருந்தமையால் அது 2005இல் பாகிஸ்தானின் நிலநடுக்கத்துக்கும், 2010இல் ஹெயிட்டிக்கும் உதவிற்று. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயனுக்கென வழங்கும் 2006ஆம் ஆண்டு விருதும் அதற்கே கிடைத்தது. பிறர் செய்ததை வாங்குவோர் மட்டுமே நாம் என்னும் எண்ணம் பொய் என்பதற்கு இஃதொன்றே சாலும்.

இனி, யான் முதன்மையாகக் கருதும் பொருளுக்கு வருவேன். திறந்த வடிவங்களைப் பரிந்துரைப்போர் பெரும்பாலும் ஆங்கிலத்தை மனத்திற்கொண்டே பேசுகின்றனர். ஆங்கிலக் கோப்பிலே பூட்டு ஒன்று. நம் தமிழ்க் கோப்பிலே பூட்டு இரண்டு. இரண்டாவது பூட்டைப் பற்றி அவர் பேசுவதில்லை. அதுதான் பாமினி முதலிய பழைய எழுத்துருக்களின் குறியேற்றம். ‘தமிழ்’ என்னும் சொல்லைப் பாமினியில் எழுதின், திரையிலே தமிழ் தோன்றும். கணினி பதிந்துகொள்வதோ ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையுமே. ஜேயின்மீது தகரத்தின் வேடத்தையும், கேயின்மீது மகரத்தின் வேடத்தையும் அணிவிப்பது எழுத்துரு. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்துவிடும். தேடுதலும் அகரவரிசைப்படுத்தலும் இதனால் இயலாமற் போகின்றன. ‘கொ’ என்பதிற் கொம்பை முதலிலும், ககரத்தை அடுத்தும், காலைக் கடையிலும் வைத்து, கண்ணுக்குத் தோன்றும் ஒழுங்கிலேயே அது எழுதிக்கொள்ளும். மொழியின் ஒழுங்கு அதற்குத் தெரியாது.

பாமினி கைக்குக் கை மாறி இலவசமாகவே பரவிற்று. எந்தப் பெருநிறுவனமும் அதனை நம்மீது சுமத்தவில்லை. பூட்டை நாமே பூட்டினோம். இலவசமானது வேறு, திறந்தது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டில்லை. லிப்ரே ஒபிஸிலே, அனைத்துலகத் தரம் பெற்ற வடிவத்திலே, ஒருவர் பாமினியில் எழுதிச் சேமிப்பாராயின், அவர் கோப்பு திறந்தது என்று சொல்லலாமா? பெட்டியைத் திறக்கலாம், உள்ளிருக்கும் ஓலையைப் படிக்கவியலாது. வேர்டில் ஒருங்குறியில் எழுதிய கோப்பு அதனினும் நூறு மடங்கு மேலானது. கட்சி கட்டி நிற்போர்க்கு இக்கூற்று கசப்பினும் உண்மை இதுவே.

ஒருங்குறி 1991இன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கிற்று. உயிர்மெய்க்குத் தனியிடம் தரவில்லை என்னும் குறை நெடுநாள் பேசப்பட்டது. தமிழ்நாட்டு அரசு 2010இல் ஒருங்குறியுடன் பதினாறு துணுக்கு அனைத்தெழுத்துக் குறியேற்றமொன்றையும் ஏற்றது. அக்குறையில் நியாயம் உண்டு. ஆனால் உலகெங்கும் வழங்குவது ஒருங்குறியே. நம் நாட்டின் தர நிறுவனமும் 2008இல் 1326ஆம் எண்ணுடைய தரத்தை வகுத்து, ஒருங்குறியை அடியொற்றி ரெங்கநாதன் விசையமைப்பை ஏற்றுக்கொண்டது. 1998 பொங்கலன்று முனைவர் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தாரோ பழைய எழுத்துருக்களிலிருந்து திஸ்கிக்கும், அதிலிருந்து ஒருங்குறிக்கும் தம் நூல்களைப் பெயர்த்துச் சென்றனர். திஸ்கி என்பது தமிழ் அறிஞர் கூடிப் பேசி வெளியிட்ட குறியேற்றம். எவ்வெண்ணுக்கு எவ்வெழுத்து என்பது எழுதிவைக்கப்பட்டிருந்தமையாலன்றோ அப்பெயர்ச்சி எளிதாயிற்று!

மாற்றத்தின் இடர்களை மறைத்தலும் முறையன்று. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, 2017இல் மீண்டும் விண்டோஸுக்குத் திரும்ப முடிவு செய்தது. பிறர் அனுப்பும் கோப்புகளோடு ஒத்துப்போகாமை ஒரு குறையாகச் சொல்லப்பட்டது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024இல் ஏறத்தாழ 30,000 கணினிகளை லிப்ரே ஒபிஸுக்கு மாற்றத் தீர்மானித்தது. இங்கேயும் திணைக்களமொன்று வேர்ட் படிவத்தை அனுப்பினால், லிப்ரே ஒபிஸில் அட்டவணைக் கோடுகள் இடம் பெயர்வதுண்டு. அச்சகங்களின் வழக்கம் மற்றொரு தடை. பேஜ்மேக்கர் ஒருங்குறித் தமிழை அறியாது. அதன் வளர்ச்சியை அடோபி நிறுவனம் நிறுத்தி இருபது ஆண்டுக்கு மேலாயிற்று. அதனையே நம்பியுள்ள அச்சகம் பாமினியைக் கேட்கும். மலர்க்குழு ஒருங்குறியைப் பாமினியாக மாற்றிக் கொடுக்கும். மெய்ப்புத் திருத்தம் பாமினியில் மட்டும் நிகழும். திருந்திய பிரதி அச்சகத்தின் கணினியோடு தங்கிவிடும். பிழை மலிந்த பிரதியே நம் கையில் எஞ்சுகின்றது.

விரல்களின் பழக்கத்தைக் காரணங்காட்டுவோர்க்கு விடை எளிது. எ-கலப்பை போன்ற திறந்த மூலக் கருவிகள் பாமினி விசையமைப்பிலேயே ஒருங்குறியை எழுதித் தரும். மாற வேண்டியது கையன்று. கணினி பதிந்துகொள்ளும் எண்ணே. அச்சகத்துக்கு லிப்ரே ஒபிஸிலோ ஸ்கிரைபஸிலோ பக்கம் அமைத்து, எழுத்துருவையும் உட்பொதித்த பிடிஎப் கோப்பாகக் கொடுப்பின் பேஜ்மேக்கரின் துணை வேண்டுவதில்லை.

பழைய மலர்களின் கோப்புகளே எஞ்சும் பெரும்பணி. ‘பொங்குதமிழ்’ முதலிய மாற்றிகள் பாமினியை நொடியில் ஒருங்குறியாக்கும். ஆயினும் அவற்றுக்கு வெறும் எழுத்துகளை மட்டும் கொடுக்கும்பொழுது, கட்டுரையிடையே வரும் ஆங்கிலச் சொற்களையும் அவை தமிழென்றே கொண்டு உருத்தெரியாமற் சிதைத்துவிடும். இரண்டும் ஒரே எண்களாற் குறிக்கப்பட்டிருத்தலே இதற்குக் காரணம். விஞ்ஞானக் கட்டுரைகளிற் சூத்திரங்களும், பழைய மாணவர் பட்டியல்களில் பட்டப் பெயர்களும் இவ்வாறே கெடும். ஆதலால் அச்சிட்ட மலரை அருகில் வைத்து, வரிவரியாக ஒருவர் வாசிக்க மற்றொருவர் ஒப்புநோக்குதல் வேண்டும். உயர்தர வகுப்பு மாணவர் இருவர் இருவராக அமர்ந்தால், ஓராண்டு மலரைச் சில பிற்பகல்களிலே முடிக்கலாம். முதலில் எடுக்கவேண்டியவை இறுவட்டுகளில் உள்ளவை. அவற்றைப் படிக்கும் கருவி புதிய கணினிகளில் வருவது அருகிவிட்டது.