பால் நீலமான நாள்: 'டார்ட்' கையேடு பற்றி

பௌர்ணமி முடிஞ்ச மறுநாள் எங்கள் தெருவில் தவறாமல் ஒரு பேச்சு வரும்: "நேத்து ஊத்தினது பாலா, தண்ணியா?" திருவண்ணாமலைக்காரர்களுக்கு இது புதுசில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுக டீக்கடை இருக்கும்போது அன்றைக்குப் பாலுக்கு என்ன கிராக்கி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த மாதிரி சந்தேகத்துக்கென்றே உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) 'டார்ட்' என்று ஒரு கையேடு போட்டிருக்கிறது. பால், நெய், தேன், மஞ்சள்தூள், தேங்காய் எண்ணெய் என்று வரிசையாக, வீட்டில் இருக்கும் பொருளை வைத்தே கலப்படம் கண்டுபிடிக்கும் வழிகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு படம்: இது சுத்தமானது, இது கலப்படம். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிடறேன். எளிமையான கையேடு. சமையலறையில் நின்றுகொண்டே செய்யலாம். வேதியியல் என்றாலே ஓடுகிற ஆட்களைக்கூட ஒரு சொட்டு அயோடினை விட்டுப் பார்க்க வைக்கிறது. என் குறை அந்த இரண்டு படங்களின் மேல்தான். அவற்றுக்கு நடுவில் மூன்றாவதாக ஒன்று உண்டு: "சோதனையே தப்பு". அதற்குப் படம் இல்லை.

பாலில் தண்ணீர் கண்டுபிடிக்கும் முறையைப் பாருங்கள். வழவழப்பான சரிவில் ஒரு சொட்டுப் பால் விட வேண்டும். நல்ல பால் அப்படியே நிற்கும், அல்லது வெள்ளைத் தடம் விட்டு மெதுவாக இறங்கும். தண்ணீர் கலந்தது தடமில்லாமல் உடனே ஓடிவிடும். சரி, எவ்வளவு சரிவு? எந்தப் பரப்பு? பால் எவ்வளவு சூடு? கடைசிக் கேள்விதான் பெரிய வம்பு. ஃபிரிட்ஜிலிருந்து 5 டிகிரியில் எடுத்த பாலின் பாகுத்தன்மை, எங்கள் ஊர் மே மாத மதியத்தில் 40 டிகிரிக்கு வந்த அதே பாலைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்தால்கூட அவ்வளவு மாறாது. அதாவது மதியம் வெளியில் கிடந்த நல்ல பால், ஃபிரிட்ஜில் இருந்த தண்ணிப் பாலைவிட வேகமாக ஓடும். கொழுப்பு குறைந்த பாக்கெட் பாலும் கொழுப்பு நிறைந்த எருமைப் பாலும் ஒரே மாதிரி ஓடாது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

லேக்டோமீட்டர் இருந்தால் தப்பிச்சிடலாமா? அதுவும் சந்தேகம்தான். அது அளப்பது அடர்த்தியை. தண்ணீர் ஊற்றினால் அடர்த்தி குறையும், ஆடையை எடுத்தால் ஏறும். இரண்டையும் அளவாகச் செய்யத் தெரிந்தவர் கையில் கருவி "நல்ல பால்" என்றே காட்டும். ஒன்றும் செய்யாதவரின் பாலைச் சூடாக அளந்தால் "தண்ணி" என்று காட்டும்.

இப்போ என் கதை. இதில் தப்பு முழுக்க என்னுடையது, கையேட்டின் மேல் பழி போட மாட்டேன். மாவு கலந்திருக்கிறதா என்று பார்க்க, பாலில் இரண்டு மூன்று சொட்டு டிங்சர் அயோடின் விட்டால் நீலமாகும் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். டிங்சர் கிடைக்கவில்லை, புண்ணுக்குப் போடுகிற போவிடோன் அயோடினை எடுத்துக்கொண்டேன். பால் நீலமாச்சு. எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட. மறுநாள் காலையில் வாசலில் வைத்தே கேட்டுட்டேன், பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

பால்காரர் சத்தம் போடவில்லை. "வேற டம்ளர் கொண்டாங்க சார், என் எதிர்ல விடுங்க" என்றார். கண்ணாடி டம்ளரில் கேனிலிருந்து நேராக ஊற்றினார். வெளிர் பழுப்பு. நீலம் இல்லை. முதல் நாள் நான் பாலை எடுத்த கரண்டி சோற்றுக் கஞ்சியைக் கிளறிய கரண்டி. தண்ணீரில் அலசிவிட்டு எடுத்திருக்கிறேன். கொஞ்சூண்டு கஞ்சி ஒட்டியிருந்தாலே அயோடினுக்குப் போதும். பிறகு அதே கரண்டியை வெறும் தண்ணீரில் கலக்கி ஒரு சொட்டு விட்டேன். நீலம்.

ஆய்வுக்கூடத்தில் இதை வெற்றுச் சோதனை என்பார்கள். சந்தேகப்படும் பொருள் இல்லாமல், அதே பாத்திரம், அதே மருந்து வைத்து ஒரு தடவை செய்து பார்ப்பது. சுத்தம் என்று தெரிந்த பொருளிலும் ஒரு தடவை, கலப்படம் என்று தெரிந்ததிலும் ஒரு தடவை. கையேட்டில் பாலுக்கான படிகளில் இது ஒரு வரியாகச் சேர்ந்திருக்கலாம். எலுமிச்சை தேய்த்துக் கழுவிய பாத்திரம் நேர் எதிராக வேலை செய்யும்: வைட்டமின் சி அயோடினைத் தின்றுவிடும், மாவு இருந்தாலும் நீலம் வராமல் போகலாம். சூடான பாலிலும் நீலம் மறையும், ஆறவிட்டால் திரும்பும்.

பெருங்காயம் இன்னொரு ரகம். கடையில் வாங்குகிற கூட்டுப் பெருங்காயத்தில் மாவும் கோந்தும் சட்டப்படியே சேர்க்கிறார்கள், டப்பாவிலும் போட்டிருப்பார்கள். அதில் அயோடினை விட்டு நீலத்தைப் பார்த்து அதிர்ச்சியடைந்து வீடியோ போடுகிறவர்களை என்ன சொல்வது!

இதெல்லாம் சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஒரு கணக்கு பாருங்கள். இதே ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்து 2019-ல் முடிவை வெளியிட்டது. உடம்புக்குக் கேடான கலப்படம் இருந்தவை 12. (கொழுப்புக் குறைவு, தண்ணீர் எல்லாம் தனிக் கணக்கு, அங்கே குறைகள் நிறையவே இருந்தன.) வீட்டுச் சோதனை நூற்றுக்கு ஐந்து தடவைதான் தப்பாகக் குற்றம் சாட்டும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 6,432-க்கு முந்நூற்றுச் சொச்சம் பேர் மேல் வீண்பழி. பிடிபட வேண்டியவர்கள் 12 பேர். அதே ஆய்வு கவலைப்பட்டது வேறொன்றைப் பற்றி: மாட்டுத் தீவனத்தில் பூஞ்சை பிடித்தால் பாலுக்கு வந்து சேரும் அஃப்ளடாக்சின் எம்1. 368 மாதிரிகளில் அளவுக்கு மேல் இருந்தது. அந்தப் பட்டியலில் தமிழ்நாடு முன்வரிசை. அதை எந்தச் சொட்டு மருந்தும் சமையலறையில் காட்டாது.

பக்கத்து வீட்டம்மாவிடம் நானே போய்க் கரண்டிக் கதையைச் சொன்னேன். சிரித்தார். அடுத்த மாதத்திலிருந்து அவர்கள் வீட்டில் பாக்கெட் பால். எங்களுக்கு இப்பவும் அவர்தான் ஊத்துறார். கேனை நான் கேட்காமலே திறந்து காட்டிவிட்டுத்தான் ஊற்றுகிறார்.