ஓட்டு வீட்டில், முடிவு அப்பாவிடம்

உழவைப் பேசும் ஹாலிவுட் படங்களில் எனக்குப் பிடித்த அப்பா, ‘தி கிரீன் ப்ராமிஸ்’ (1949) படத்தின் வால்டர் பிரென்னன்தான். மனைவியை இழந்தவர். நான்கு பிள்ளைகளோடு புதுப் பண்ணைக்கு வந்து சேர்கிறார். எதற்கும் வீட்டில் ஓட்டெடுப்பு வைப்பார். ஜெயிப்பதென்னவோ அவர் கட்சிதான். துணை நடிப்புக்கு அதற்கு முன்பே 3 ஆஸ்கர் வாங்கியிருந்த பிரென்னன், இந்த மனிதரைக் கொடுமைக்காரராக்கவில்லை. தான் பெரிய நியாயஸ்தன் என்று மனதார நம்புகிறவராக நடிக்கிறார். பார்க்கிற நமக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வருகின்றன.

படம் ஃபோர்-எச் எனப்படும் கிராமத்துப் பிள்ளைகள் மன்றங்களுக்கான பிரசாரம்தான், அதை மறைக்கவும் இல்லை. ஆனாலும் கதை ஒட்டிவைத்ததாகத் தெரியாததற்குக் காரணம் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கல்லூரிக்காரர்கள் சொன்ன புது முறைகளை அமெரிக்க விவசாயிகள் லேசில் நம்பவில்லை. கிராமத்துப் பிள்ளைகள் மன்றம் சேர்ந்து மக்காச்சோளம் போட்டுப் பார்த்தார்கள். விளைச்சலைப் பார்த்த பிறகே பெரியவர்கள் இறங்கிவந்தார்கள். அந்த இயக்கமே அப்பாக்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடந்த வழக்கில் வளர்ந்தது. படம் அதை ஒரே வீட்டுக்குள் வைத்துக் காட்டுகிறது.

மலைச்சரிவு மரங்களில் கைவைக்காதீர்கள் என்கிறார் வேளாண் அலுவலர். அப்பா கண்ணுக்கு அவை காசு. 1930களின் புழுதிப் புயல்களைக் கண்டிருந்த அன்றைய ரசிகர்களுக்கு, மரம் போனால் மண்ணும் போகும் என்பதை விளக்க வேண்டியிருந்திருக்காது.

கடைக்குட்டி சூசன், நடாலி வுட். ஆட்டுக்குட்டிகள் வளர்க்க ஆசைப்படுகிறவள். புயல் காட்சியைப் படமாக்கும்போது நடாலி கடந்தபின் உடைய வேண்டிய பாலம் முன்னதாகவே உடைந்தது; அவரது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. பிற்காலத்தில் அந்தக் கையை வளையலால் மறைத்துக்கொண்டார். தண்ணீர்ப் பயமும் விடவில்லை. இது தெரிந்தபின் அந்தக் காட்சியில் நடிப்பை மட்டும் மெச்ச மனம் வரவில்லை.

மூத்த பெண்ணுக்கும் அலுவலருக்கும் நடக்கும் காதல் சப்பென்று இருக்கிறது. அந்த நேரத்தில் காபி போட எழுந்து போனாலும் நஷ்டமில்லை. ஆனால் மன்றச் சிறுமியாக வரும் ஜீன் லடூக்கைக் கவனியுங்கள். இந்தியானா பண்ணையிலிருந்து வந்த அசல் ஃபோர்-எச் உறுப்பினர் அவர். சினிமாவில் தங்கவில்லை, கணிதப் பேராசிரியரானார். 1940க்கு முன் அமெரிக்காவில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற பெண்களைப் பற்றி ஜூடி கிரீனோடு சேர்ந்து ஒரு நூலும் எழுதினார்.